நான்காம் பகுதியில் மூச்சு விட்டவர்கள்

இந்த ஊரின் தொண்டை வறளாமல் காத்துவரும் தண்ணீர் வாரியத்தின் தலைமைப் பொறியாளர், இன்றைய வெளியீட்டு விழாவின் தலைவர், ஒரு நாள் முழுவதும் பெரிய தொட்டியைக் காலியாக வைத்திருக்கக் கையெழுத்துப் போட்ட கருணையாளர் அவர்களே. மேடையின் இடப்புறம் பித்தளையும் வலப்புறம் மரமுமாக வீற்றிருக்கும் ஊதுகருவிக் குழுவினரே, பகலெல்லாம் குழாயைப் பழுது பார்த்துவிட்டு மாலையெல்லாம் குழலோடு மல்லுக்கட்டும் பதினான்கு வாரியத் தொழிலாளர்களே. 'கொள்ளளவு' என்னும் இந்த இசைத்தொகுப்பைப் படைத்தவரும், வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேளையிலும் கதவில் தாளம் தட்டுபவருமான எங்கள் மீட்டரம்மா அவர்களே. முன்வரிசையில் சாய்ந்தும் சாயாமலும் சற்றே கண்ணயர்ந்தும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே. குடம் பிடித்த கைகளில் இன்று குறுந்தகடு பிடித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே. மூன்றாம் வரிசையில், ஓரத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண் இமைக்காமல் என்னையே பார்க்கும் என் மனைவி அவர்களே. அனைவருக்கும் என் அடக்கமான, இன்றைக்குக் கொஞ்சம் நடுக்கமான வணக்கம்.

என்ன சிரிப்பு? மனைவியை 'அவர்களே' என்றதற்கா? பொறுங்கள். ஏன் அந்த மரியாதை என்பது போகப் போகத் தெரியும்.

நிகழ்ச்சி அட்டையில் என்னை 'ஒலிப்பதிவுக் கலைஞர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். என் வீட்டில் அந்தச் செய்தி இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை. தையற்கடைக்கு மேலே, செங்குத்தான படியேறினால், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய இரண்டு அறைகள் இருக்கும். அதுதான் என் ஒலிப்பதிவுக் கூடம். கீழே தையல் இயந்திரம் நின்றால்தான் மேலே என் இயந்திரம் ஓடும். நீங்கள் பேருந்து நிலையத்தில் கேட்கும் அறிவிப்பும், மருத்துவமனையில் எண் சொல்லி அழைக்கும் குரலும், லிஃப்டில் 'கதவு மூடுகிறது' என்று சொல்லும் பெண்மணியும் அந்தப் படியேறி வந்து பிறந்தவைதாம்.

என் தொழிலின் முதல் விதி என்ன? மூச்சை வெட்டு. இரண்டாம் விதி என்ன? விட்டுப்போன மூச்சையும் வெட்டு. பேசுகிற மனிதன் வாயைத் திறக்குமுன் காற்றை இழுக்கிறானே, அந்த இழுப்பு ஒலிபெருக்கியில் போனால் ஊர் சிரிக்கும். எண்ணிப் பாருங்கள். லிஃப்டில் ஏறுகிறீர்கள். அது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, 'மூன்றாவது தளம்' என்று சொல்கிறது. அதற்கு மேல் அதை நம்பி நான்காவது தளத்துக்குப் போவீர்களா? மாட்டீர்கள். அதனால்தான் வெட்டினேன். இருபத்திரண்டு ஆண்டுகள் இமை மூடாமல், இரக்கம் பாராமல் வெட்டினேன்.

வெட்டிய துண்டுகளை மட்டும் எறிவதில்லை. ஒரு முறை பாத்திரக் கடைக்காரர் ஒருவர் படியேறி வந்து, "என் குரல் பேய் மாதிரி கேக்குது, எடுத்த மூச்சைத் திருப்பி வையி" என்று சண்டை பிடித்தார். அன்று முதல் வெட்டிய மூச்சையெல்லாம் கணினியில் 'குப்பை' என்று பெயரிட்ட ஒரு பெட்டியில் போட்டு வைக்கிறேன். முழுசாக வெறுமையாக வந்த பதிவு என்றால், அதற்குக் குப்பைப் பெட்டியிலும் இடமில்லை. அடுத்த வேலைக்கு இடம் வேண்டுமே, அடியோடு அழித்துவிடுவேன். பெரியோர்களே, இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் கவனத்தில் வையுங்கள். என்னை வசமாக மாட்டிவிட்டது அதுதான்.

இனி இசைக்கு வருவோம். பெரிய தொட்டியை ஆறு ஆண்டுக்கு ஒரு முறை கழுவுவார்கள். சென்ற முறை கழுவியபோது மீட்டரம்மா உள்ளே இறங்கி ஒரு தடவை இருமினாராம். அந்த இருமல் பதினொரு நொடி சுற்றிச் சுற்றி வந்ததாம். வேறு யாராக இருந்தாலும் மருந்துக் கடைக்குப் போயிருப்பார்கள். இவர் வீட்டுக்குப் போய் எழுதத் தொடங்கினார். எத்தனை நாள் எழுதினார்? ஆறு ஆண்டு எழுதினார். யாருக்காக எழுதினார்? பம்ப் ஓட்டுகிறவருக்கு டியூபா, குழாய் பொருத்துகிறவருக்கு ட்ரோம்போன், நாள்தோறும் நம் திட்டையெல்லாம் தொலைபேசியில் வாங்கிக்கொள்ளும் புகார்ப் பிரிவுப் பெண்ணுக்கு ஓபோ என்று, ஆளைப் பார்த்து அளவெடுத்து எழுதினார்.

முதற்பகுதியில் ஒரு வால்வு திறக்கிறது. அவ்வளவுதான் நடக்கிறது, ஆனால் ஏழு நிமிடம் நடக்கிறது. இரண்டாம் பகுதியில் எங்கோ ஒரு கசிவு. மூன்று கிளாரினெட்டுகள் சொட்டுகின்றன, ஒன்று போலச் சொட்டுவதில்லை. பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார், "தம்பி, இதுல மெட்டு எங்க இருக்கு?" என்று. ஐயா, உங்கள் வீட்டுக் குழாய் கசிந்தபோது எழுந்து உட்கார்ந்து எண்ணினீர்களே, அப்போது மெட்டு கேட்டீர்களா? அடுத்த சொட்டு எப்போது என்றுதானே காத்திருந்தீர்கள்? அந்தக் காத்திருப்புதான் இந்தப் புதிய இசை. அதோ, பெரியவர் தலையாட்டுகிறார். தூக்கத்தில் ஆட்டினாலும் நான் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பதிவு நாள் வந்தது. தொட்டி உச்சிக்குத் தொண்ணூற்றிரண்டு படிக் கம்பி ஏணி. என் முழங்கால் ஏழாவது படியிலேயே பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது. மைக்கைக் குழாய் பொருத்துகிறவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, நான் கீழே பம்ப் அறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதற்பகுதி முடிந்தது. இரண்டாம் பகுதி முடிந்தது. மூன்றாம் பகுதி முடிந்தபோது எனக்கே மூச்சு வாங்கியது. அதன் பிறகு காதில் வெறும் காற்று. இழுப்பதும் விடுவதுமாகக் காற்று மட்டும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், டியூபாவைச் சுமந்து அவ்வளவு உயரம் ஏறி இறங்கிய பிள்ளைகள், சற்று இளைப்பாறுகிறார்கள் என்று நினைத்தேன். கலைஞர்களே இளைப்பாறும்போது கலைஞன் என்று அட்டையில் பெயர் ஏறியவன் இளைப்பாறக் கூடாதா? பதிவை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

கூடத்துக்குத் திரும்பிய மறுநாள், நடுவில் ஆறு நிமிட வெறும் காற்று கிடந்தது. என்ன செய்தேன்? அடியோடு அழித்தேன். அழித்துவிட்டு, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்ந்தும் கொண்டேன்.

ஏன் ஒருவரை ஒருவர் பார்க்கிறீர்கள்? சிலருக்குப் புரிந்துவிட்டது. மீட்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அம்மா, எழுந்திருக்காதீர்கள், முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

அழித்த இரண்டாம் நாள் அவர் நிகழ்ச்சி அட்டையில் அச்சிட வேண்டிய தாளோடு படியேறி வந்தார். அதில் எழுதியிருந்தது: 'நான்காம் பகுதி, காலித் தொட்டி. ஆறு நிமிடம் பதினொரு நொடி.'

"நாலாவது எப்படி வந்திருக்கு அண்ணா?" என்று கேட்டார்.

நான் மென்று விழுங்கி, "நல்லா அமைதியா வந்திருக்கும்மா" என்றேன்.

"அமைதியாவா? பதினாலு பேரும் உயிரைக் கொடுத்து ஊதினாங்களே."

"அதைத்தான் சொல்றேன். உயிருள்ள அமைதி."

"அதுல சுரமே கிடையாதுண்ணா. வெறும் மூச்சு. முன்னாடி மூணும், பின்னாடி ஒண்ணும் அதுக்காக எழுதினதுதான். ஆறு வருஷமா அந்த ஆறு நிமிஷத்துக்குத்தான் காத்திருந்தேன்."

குரலை முடிந்தவரை சாதாரணமாக வைத்துக்கொண்டு, "ஒரு பேச்சுக்குக் கேக்குறேன், இன்னொரு தடவை உள்ள போக முடியுமா?" என்றேன்.

"அன்னைக்கே தண்ணி திறந்தாச்சே" என்று சிரித்தார். "இனிமே ஆறு வருஷம் ஆகும்."

அந்தச் சிரிப்பின் முன்னால் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கோழை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அவர் படியிறங்கிப் போனதும் குப்பைப் பெட்டியைத் திறந்தேன்.

தாய்மார்களே, அந்தப் பெட்டியில் யாருடைய மூச்சு இருந்தது? உங்கள் மூச்சு இருந்தது. மருத்துவமனையில் எண் சொல்லி அழைக்கும் செவிலியர், இதோ ஆறாம் வரிசையில் இருக்கிறார், அவர் மூச்சு இருந்தது. விளையாட்டு விழாவுக்கு அறிவிப்புப் பேசிய தலைமை ஆசிரியை மூச்சு இருந்தது. 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்' என்று பேசிப் பதிந்துவிட்டுப் போன நம் விழாத் தலைவரின் மூச்சு இருந்தது. தண்ணீரில் சிக்கனம் கேட்ட தலைவர் காற்றில் சிக்கனம் பார்க்கவில்லை, ஒரு வாக்கியத்துக்கு நான்கு மூச்சு வாங்கியிருக்கிறார். ஒன்றின் மேல் ஒன்றாக, இழுப்பதும் விடுவதுமாக, ஆறு நிமிடம் பதினொரு நொடிக்கு அடுக்கினேன்.

தொட்டியின் முழக்கத்துக்கு எங்கே போவது? எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறதே. யாரிடமும் மூச்சு விடாமல் அதைக் காலி செய்து, உள்ளே ஒலிபெருக்கியையும் மைக்கையும் தொங்கவிட்டேன். அன்று மூன்று மாடிக்கும் தண்ணீர் இல்லை. ஆமாம், இரண்டாவது மாடி ஐயா, அது மோட்டார்க் கோளாறு இல்லை, நான்தான். உட்காருங்கள், இன்னும் இருக்கிறது.

தலையில் சோப்போடு மேலே ஏறி வந்த என் மனைவி, தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த என்னைக் கையும் களவுமாகப் பிடித்தாள். என் மனைவி யார் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும், முகம்தான் தெரியாது. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று பத்தொன்பது ஆண்டுகளாகப் பேருந்து நிலையத்தில் உங்களை வழியனுப்பும் குரல் அவளுடையது. அந்தக் கனிவு முழுவதும் பயணிகளுக்கே செலவாகிவிடுகிறது.

"உள்ள என்ன தேடுறீங்க?" என்றாள்.

"மூச்சு."

"யாரோடது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் ஒன்றைச் சொல்ல வேண்டியதாயிற்று. அடுக்கிய மூச்சுகளில் முதலாவது அவளுடையது. அவள் என் கூடத்துக்கு வந்த முதல் நாள், முதல் அறிவிப்புக்கு முன்னால் இழுத்த மூச்சு. பாதியில் நின்று, நடுங்கி, மறுபடி இழுத்திருக்கிறாள். அன்று நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதை வெட்டினேன். பிறகு அவளையே மணந்துகொண்டேன், பத்தொன்பது ஆண்டுகள் பக்கத்தில் இருந்தேன். அன்று அவள் அவ்வளவு பயந்திருந்தாள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அறிவிப்பைக் கேட்டேன், ஆளைக் கேட்கவில்லை.

அவையோரே, இருபத்திரண்டு ஆண்டுகள் நான் எதை வெட்டினேன்? செவிலியர் ஓர் எண்ணை அழைக்குமுன் ஒரு மூச்சு இழுக்கிறார். அந்த எண்ணுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு ஒரு மனிதர் இருக்கிறார் என்று அந்த மூச்சுக்குத் தெரிந்திருக்கிறது. சொல் வருவதற்கு முன்னால் மனிதர் வந்துவிடுகிறார். அந்த மனிதரை வெட்டிவிட்டுச் சொல்லை மட்டும் உங்கள் காதுக்கு அனுப்பியவன் நான். சுத்தம் என்று பெயர் வைத்து அனுப்பினேன், துல்லியம் என்று பெயர் வைத்து அனுப்பினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் யோக்கியன். ஆனால் மீட்டரம்மா வந்து கேட்டார். முட்டை அட்டைச் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, ஆறு நிமிடம் பதினொரு நொடியும் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம ஆளுங்களா அண்ணா இவ்வளவு நல்லா ஊதியிருக்காங்க?" என்றார். நான் தலையாட்டினேன். சத்தம் போடாமல் பொய் சொல்வதற்குத் தலையை விட வசதியான உறுப்பு வேறு இல்லை. அவர் நேரே பம்ப் அறைக்குப் போய் டியூபாக்காரரைப் பாராட்டினார். அவரும் அன்று முதல் பார்க்கிறவரிடமெல்லாம், "மூணாவது நிமிஷத்துல ஒரு பெருமூச்சு வரும் பாருங்க, அது என்னுது" என்று சொல்லி வருகிறார். ஐயா, மன்னிக்க வேண்டும். அது உங்களுடையது இல்லை. அது தலைவருடையது.

தலைவர் அவர்களே, சிரிக்கலாம். கைதட்டலையும் தாங்களே பெற்றுக்கொள்ளலாம்.

பிறகு தகடு அச்சானது. நேற்றைக்கு முந்தின நாள் வானொலி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. இந்தத் தொகுப்பில் நான்காம் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், படைத்தவர் பெயரோடு நாளைக் காலை ஒலிபரப்பப் போகிறார்கள். கடிதத்தை மீட்டரம்மா வீடு வீடாகக் காட்டினார். நேற்று எங்கள் வீட்டுக்கும் வந்து மீட்டரைப் பார்க்க மறந்துவிட்டுக் கடிதத்தைக் காட்டினார். அவர் போனதும் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நாளன்னைக்கு அவ பேரைச் சொல்லி உங்க வேலையைப் போடப் போறாங்க. அதை அவளோடதுன்னு நம்பி அவ கேக்கப் போறா. இது தப்புங்க."

"தெரியும்."

"மேடையில எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லுங்க. இல்லன்னா நான் எழுந்து அறிவிப்பேன்."

பத்தொன்பது ஆண்டுகளில் அந்தக் குரல் சொல்லி ஒரு பேருந்தாவது புறப்படாமல் நின்றிருக்கிறதா? நானும் புறப்பட்டு வந்துவிட்டேன். அவளுக்கு ஏன் 'அவர்களே' என்று கேட்டீர்களே, இதற்காகத்தான்.

மீட்டரம்மா, உங்கள் ஆறு நிமிடத்தை நான் அழித்தேன். அழித்ததை மறைத்தேன். மறைத்ததற்கு உங்களிடமே பாராட்டும் வாங்கினேன். சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என்னை மன்னியுங்கள்.

மைக்கா? இந்தாருங்கள் அம்மா. எல்லாரும் அமைதியாக இருங்கள், அவர் பேசட்டும்.

கடைசி வரிசைக்குக் கேட்டதா? கேட்காதவர்களுக்காக அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு மூச்சையும் வெட்டாமல். "அண்ணா, நீங்க செஞ்சது நல்ல பாட்டு. நான் அதைக் கேட்டு அழுதேன், அது பொய் இல்ல. ஆனா அது என்னோடது இல்ல. என் பேரை அடிச்சிடுங்க. வானொலிக்கு நானே சொல்லிக்கிறேன்." இதைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு இழுத்தார். இழுத்துவிட்டு, "எனக்கு என்னோடது வேணும். எனக்குத் தொட்டி வேணும்" என்றார்.

அன்பர்களே, பேனா வைத்திருப்பவர்கள் எடுங்கள். கையிலிருக்கும் அட்டையில் நான்காவது வரியில் அவர் பெயரை அடித்துவிடுங்கள். என் பெயரையா எழுதுவது? வேண்டாம். அவரவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும். டியூபாக்காரரே, நீங்கள் மட்டும் எழுத வேண்டாம்.

இப்போது தொட்டிக்கு வருவோம். தலைவர் அவர்களே, தொட்டியைத் திறக்கவும் அடைக்கவும் அதிகாரம் உள்ள ஒரே கை தங்களுடையது. என்ன சொல்கிறீர்கள்? இரண்டு நாள் ஊருக்குத் தண்ணீர் நிற்குமா? பொதுமக்கள் சம்மதித்தால் கையெழுத்துப் போடுகிறீர்களா? நானூறு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் ஐயா, இனித் தலையை வேறு பக்கம் ஆட்ட முடியாது.

தாய்மார்களே, பெரியோர்களே, பொதுமக்கள் என்றால் யார்? நீங்கள்தாம். இரண்டு நாள் உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராது. திருகினால் காற்றுதான் வரும். துணி ஊறாது, பாத்திரம் துலங்காது, பிள்ளைகள் குளிக்காமல் குதூகலிப்பார்கள். எதற்காக இந்தத் தொல்லை? தொட்டிக்குள் பதினான்கு பேர் ஆறு நிமிடம் மூச்சு விடுவதற்காக. சோற்றுக்கு ஆகுமா அது? ஆகாது. துணிக்கு ஆகுமா? ஆகாது. ஆனால் இந்தப் பதினான்கு பேரும் நள்ளிரவிலும் நடுமழையிலும் பள்ளத்தில் இறங்கி நம் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். என்றைக்காவது நம்மிடம் ஏதாவது கேட்டார்களா? இன்றுதான் கேட்கிறார்கள், அதுவும் காற்றைக் கேட்கிறார்கள். கொடுப்பீர்களா, மாட்டீர்களா? கொடுப்பவர்கள் கையைத் தூக்குங்கள்.

முதல் வரிசை தூக்கிவிட்டது, தூங்கியவரும் தூக்கிவிட்டார். செவிலியர் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார். மாடத்தில் இருப்பவர்கள் எழுந்து நின்றே தூக்குகிறார்கள். இரண்டாவது மாடி ஐயா, உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. எல்லாக் கையும் மேலே இருக்கிறது. ஒரே ஒரு கை மட்டும் கைப்பையின் மேலேயே இருக்கிறது. மூன்றாம் வரிசை, ஓரத்து நாற்காலி.

என்னம்மா சொல்கிறாய்? சத்தமாகச் சொல், ஊருக்கே கேட்கிற குரல்தானே உனக்கு.

"ரெண்டு நாளும் மூணு மாடிக்கும் தண்ணிய நீங்க தூக்குறதா இருந்தா, சரி."

எல்லா வீட்டுக்குமா? எல்லா வீட்டுக்குமாம். நாற்பத்தெட்டுப் படி, ஏழு குடித்தனம், ஒரு முழங்கால். சம்மதம். ஏறுகிறேன், எத்தனை குடம் ஆனாலும் ஏறுகிறேன். இடையில் தொட்டியின் ஏணியிலும் ஏறி, நானே உள்ளே இறங்கி, அந்த ஆறு நிமிடமும் மைக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். டீயை யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் குடிக்க மாட்டேன்.

இதோ, அவளும் கையைத் தூக்கிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் மீட்டரம்மா சிரிக்கிறார். இவ்வளவு நேரம் நான் பேசியது அதற்காகத்தான்.

பொய்யனைப் பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், அட்டையைத் திருத்திய அன்பர்களுக்கும், இரண்டு நாள் தாகத்தைத் தானமாகத் தந்த தாய்மார்களுக்கும் என் நன்றி. வீட்டுக்குப் போனதும் குடங்களை நிரப்பி வையுங்கள். அனைவருக்கும் வணக்கம்.